கேஸ் உடைந்துவிட்டது, டிஸ்க் நன்றாக இருக்கிறது: எந்த வழியில் மீட்பது?

எங்கள் தெரு முனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் போன மாதம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கேபிள் செருகும் இடம் ஆடிப்போய், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் லைட் எரியும். அந்தக் கோணம் மாறாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார். உள்ளே மூன்று வருஷத்துக் கல்யாணப் படங்கள். "தம்பி, இதுக்குப் புதுக் கேசிங் வாங்கிடலாமா, இல்ல உள்ள இருக்கறதக் கழட்டி கம்ப்யூட்டர்லயே மாட்டிடலாமா, இல்ல சர்வீஸ்ல குடுக்கறதா?" என்று கேட்டார்.

இதே கேள்வியோடு எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த ரப்பர் பேண்டைப் பற்றி. தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி தொடர்பு விட்டால் போதும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கே குழம்பிப்போகும். அப்போது வெறும் கேஸ் பிரச்சினை டேட்டா பிரச்சினையாகிவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வேறு நகல் இருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. இன்னொரு இடத்தில் எல்லாம் பத்திரமாக இருந்தால் எந்த வழியையும் முயன்று பார்க்கலாம். இதுதான் ஒரே நகல் என்றால், மலிவான வழியை விட ஆபத்துக் குறைந்த வழிக்குத்தான் முதலிடம்.

உள்ளே என்ன வகைப் போர்டு? எக்ஸ்டர்னல் டிஸ்க் என்பது பெரும்பாலும் லேப்டாப்பிலோ டெஸ்க்டாப்பிலோ இருக்கும் அதே சாட்டா டிஸ்க்தான் (சாட்டா என்பது கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் முனை வகை). அதன் தலையில் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு சின்னப் போர்டு செருகியிருக்கும். அந்தப் போர்டு பழுதானால் பிடுங்கி எடுத்துவிட்டு வேறொன்றில் மாட்டலாம். ஆனால் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 2.5 இன்ச் மை பாஸ்போர்ட், எலிமென்ட்ஸ் மாடல்கள் பலவற்றில் அப்படி ஒரு தனிப் போர்டே கிடையாது. டிஸ்க்கின் சொந்தப் போர்டிலேயே யூஎஸ்பி போர்ட்டை ஈயம் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். சாட்டா முனை இல்லாததால் புதுக் கேசிங்கோ டாக்கோ (டிஸ்க்கை அப்படியே செருகி வைக்கும் மேசை ஸ்டாண்ட்) எதுவும் பொருந்தாது. சீகேட்டின் 2.5 இன்ச் டிஸ்க்குகளில் பெரும்பாலும் கழற்றக்கூடிய போர்டுதான். 3.5 இன்ச் பெரிய டிஸ்க்குகளில் எந்த நிறுவனமாக இருந்தாலும் உள்ளே சாட்டா இருக்கும்.

பூட்டு இருக்கிறதா? பலருக்குத் தெரியாத இடம் இது. மை புக், மை பாஸ்போர்ட் வரிசைகளில் பல மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்ட் எதுவும் வைக்காவிட்டாலும், எழுதும் எல்லாவற்றையும் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்தே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாக மாற்றியே வைக்கும். அந்த வேலையைச் செய்வது யூஎஸ்பி போர்டில் இருக்கும் சிப். போர்டைக் கழற்றி டிஸ்க்கை மட்டும் வேறிடத்தில் மாட்டினால் அர்த்தமில்லாத எண்கள்தான் தெரியும். கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும்.

டிஸ்க் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா? கேஸ் உடையும் அளவுக்குக் கீழே விழுந்திருந்தால் உள்ளேயும் அடி பட்டிருக்கலாம்.

மீட்ட பிறகு அதை என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரே தடவை காப்பி எடுத்தால் போதுமா, தினமும் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டுமா? வாங்க வேண்டிய பொருள் இதைப் பொறுத்து மாறும்.

செலவைக் கணக்குப் போடும்போது எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. மீட்ட டேட்டாவைப் போட்டு வைக்க அதே அளவில் இன்னொரு டிஸ்க் வேண்டும். எந்த வழியில் போனாலும் இந்தச் செலவு வரும், கேசிங் விலையை விடப் பல மடங்கு வரும். அதை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

## பிரிக்கும் முன் பத்து நிமிடம்

கேபிளை மாற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப்பாக இருந்தால் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். 2.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். யூஎஸ்பி 3.0 போர்ட் தரக் கடமைப்பட்டது 900 மில்லி ஆம்பியர்தான், யூஎஸ்பி 2.0 என்றால் 500. மின்சாரம் போதாத டிஸ்க்கும் 'டிக்' என்று தட்டிவிட்டு நிற்கும். செத்த டிஸ்க்கின் சத்தமும் அப்படித்தான் இருக்கும். அதைக் கேட்டுப் பயந்து டிஸ்க் போய்விட்டதென்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

3.5 இன்ச் டிஸ்க் என்றால் 12 வோல்ட் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க், போர்டு இரண்டும் நன்றாக இருந்து அடாப்டர் மட்டும் போயிருப்பது அடிக்கடி நடக்கும். மாற்று அடாப்டரில் 12 வோல்ட் என்பது சரியாக இருக்க வேண்டும், ஆம்பியர் பழையதற்குக் குறையக் கூடாது. முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள்.

இன்னொரு வழி, இது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கும் அந்த அகலமான, நடுவில் பள்ளம் விழுந்த இரட்டைத் துளையைக் கவனியுங்கள். அதில் பெரிய பாதி, பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்குப் போடும் சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிளுக்குப் பொருந்தும். உடைந்தது சின்னப் பாதி மட்டும் என்றால், அந்தப் போன் கேபிளைச் செருகினாலே டிஸ்க் வேலை செய்யும். வேகம் யூஎஸ்பி 2.0 அளவுதான், நொடிக்கு 35 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெராபைட்டுக்கு எட்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும், எதையும் பிரிக்காமல் முடிகிறதே. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இல்லாமல் டேட்டாவும் போகும் கேபிளாக இருக்க வேண்டும்.

நல்ல மின்சாரம் கொடுத்தும் டிஸ்க் சீராகத் தட்டிக்கொண்டே இருந்தால், அல்லது உரசும் சத்தம் வந்தால், உடனே நிறுத்துங்கள். கீழே சொல்லும் முதல் நான்கு வழிகளும் உங்களுக்கு இல்லை, நேராக ஐந்தாவதுக்குப் போங்கள்.

## வழி 1: புதுக் கேசிங்

உள்ளே சாட்டா டிஸ்க், பூட்டு இல்லை, தொடர்ந்து எக்ஸ்டர்னலாகவே பயன்படுத்த வேண்டும் என்றால் இதுதான் முதல் தேர்வு. 2.5 இன்ச்சுக்கு யூஎஸ்பி 3.0 கேசிங் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் டிஸ்க்கைக் கையில் கொண்டுபோய், கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் வாங்குவதை விட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். காரணம், தடிமன்.

2.5 இன்ச் டிஸ்க் எல்லாம் ஒரே தடிமன் இல்லை. 7 மில்லிமீட்டர், 9.5, 12.5, 15 என்று வரும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கேசிங்குகள் 7, 9.5 இரண்டுக்கும்தான். சீகேட்டின் 4, 5 டெராபைட் 2.5 இன்ச் டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர். அவை இந்தக் கேசிங்குகளில் நுழையாது. ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய யூஎஸ்பி 2.0 கேசிங் வீட்டில் கிடக்கிறதே என்று அதில் மாட்டுகிறவர்கள் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். பல பழைய கேசிங்குகளுக்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. 3 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் அளவைத் தப்பாகக் காட்டும். அந்த நிலையில் எதையும் எழுதிவிட்டால் நஷ்டம்.

## வழி 2: சாட்டா கேபிள் அல்லது டாக்

ஒரு முனையில் சாட்டா, மறுமுனையில் யூஎஸ்பி, நடுவில் கேசிங்கில் இருப்பது போன்ற ஒரு சிப். ஒரே தடவை காப்பி எடுத்தால் போதும் என்பவருக்கு இதுவே நிறைவு. தடிமன் தொல்லை கிடையாது, 15 மில்லிமீட்டர் டிஸ்க்கும் மாட்டும். இதற்குப் பின் வேறு யாருடைய டிஸ்க் உடைந்தாலும் உதவும். ஒரு தெருவுக்கு ஒரு கேபிள் போதும் என்று நான் சொல்வதுண்டு. என்னுடையது இதுவரை ஐந்தாறு வீடுகளுக்குப் போய்வந்துவிட்டது.

யூஎஸ்பியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் கேபிள் 3.5 இன்ச் டிஸ்க்கை ஓட்டாது. அதற்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிளோ டாக்கோ வேண்டும், விலை கூடும்.

குறை என்னவென்றால், டிஸ்க் மேசைமேல் அம்மணமாகக் கிடக்கும். சுழன்றுகொண்டிருக்கும்போது கை பட்டு விழுந்தால் முடிந்தது கதை. அடியிலிருக்கும் போர்டு இரும்பு மேசையில் படக் கூடாது. ஒரு மரப்பலகையிலோ அட்டைப்பெட்டி மேலோ வையுங்கள். டிஸ்க்கின் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருந்தால் அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள். தினசரிப் பயன்பாட்டுக்கு இந்த வழி வேண்டாம்.

## வழி 3: டெஸ்க்டாப்பில் நேராக மாட்டுவது

வீட்டில் டெஸ்க்டாப் இருந்தால் ஒரு சாட்டா கேபிள் செலவு மட்டும்தான். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு மின்சாரப் பிரச்சினையும் தீர்ந்தது, ஆடும் கேபிள் தொல்லையும் இல்லை. வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுழலும் டிஸ்க்கின் வேகமே நொடிக்கு 100 முதல் 200 மெகாபைட் அளவுதான், யூஎஸ்பி 3.0 அதைத் தாராளமாகத் தாங்கும்.

சுலபமாகத் தெரியும் இந்த வழியில்தான் அதிகம் பேர் டேட்டாவை இழக்கிறார்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். 3 டெராபைட்டும் அதற்கு மேலும் இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் சிலவற்றில், யூஎஸ்பி போர்டு டிஸ்க்கை 4096 பைட் கட்டங்களாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டர்களிலும் பெரிய டிஸ்க் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. போர்டைக் கழற்றி நேராக சாட்டாவில் மாட்டினால் அதே டிஸ்க் 512 பைட் கட்டங்களாகத் தெரியும். பார்ட்டிஷன் (டிஸ்க்கில் கோப்புகளுக்காகப் பிரித்து வைத்த பகுதி) எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு எட்டு மடங்கு தப்பிவிடும். டேட்டா முழுசாக உள்ளேதான் இருக்கும். ஆனால் விண்டோஸ், 'இதை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்றோ 'இனிஷியலைஸ் செய்யவா' என்றோ கேட்கும்.

எனக்கே இது நடந்தது. என் சித்தி மகளின் 3 டெராபைட் டிஸ்க். அந்தப் பெட்டி திரையில் வந்தபோது கை மவுஸில்தான் இருந்தது. ரத்து செய்துவிட்டு, அதே மாடல் பழைய கேஸ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி அதன் போர்டில் மாட்டினோம். குழந்தையின் முதல் பிறந்தநாள் ஃபோல்டர் முதல் எல்லாம் அப்படியே வந்தது. அந்தக் கேள்விக்கு எப்போதும் 'வேண்டாம்' என்றே பதில் சொல்லுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் கட்ட அளவை 4096 என்று சொல்லி, படிக்க மட்டும் திறந்து பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல், டிஸ்க் சுழலவே மாட்டேன் என்பது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 3.5 இன்ச் எக்ஸ்டர்னல்களுக்குள் இருக்கும் வெள்ளை லேபிள் டிஸ்க்குகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். புதிய சாட்டா விதிப்படி, மின்சார முனையின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும் என்று பொருள். பழைய பவர் சப்ளைகள் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அணைந்திரு என்ற கட்டளையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தேன் நிறத்தில் இருக்கும் கேப்டான் டேப்பைக் கீற்றாக வெட்டி மூன்றாவது பின்னை மறைத்தால் சுழலத் தொடங்கும். மோலெக்ஸிலிருந்து (பவர் சப்ளையின் பழைய நான்கு பின் முனை) சாட்டாவுக்கு மாற்றும் கேபிளும் உதவும். வார்த்து மூடிய பிளாஸ்டிக் தலையுள்ள மலிவுக் கேபிளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அவை சூடேறிப் புகைந்த கதைகள் ஏராளம்.

லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், டிஸ்க்கை வெளியே எடுத்துப்போக வேண்டியவர்களுக்கும் இந்த வழி ஒத்துவராது.

## வழி 4: பழைய போர்டையே சரிசெய்வது

யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் சொந்தப் போர்டிலேயே இருக்கிறது, அல்லது பூட்டு போட்ட மாடல். இந்த இரண்டு நிலையிலும் மேலே சொன்ன மூன்று வழிகளும் அடைபட்டுவிடும். அப்போது பழைய போர்டுதான் சாவி. அதைத் தூக்கி எறியாதீர்கள்.

ஆடிப்போன போர்ட்டை மாற்றி ஈயம் வைப்பது, செல்போன் போர்டு வேலை தெரிந்தவருக்குச் சாத்தியமான வேலை. பத்து நுண்ணிய பின்கள், வெப்பக் காற்றில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து வைக்க வேண்டும். கூலி சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் பின்னை விட, அதன் கீழே போர்டில் இருக்கும் செம்புத் தடம் பிய்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. எத்தனை தடவை கேபிளை வளைத்து ஓட்டினீர்களோ அத்தனைக்கு அது பிய்ந்திருக்கும். டிஸ்க்கோடு சேர்த்து அனல் காட்டாமல், போர்டைத் தனியே கழற்றி வேலை செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

தப்பான அடாப்டர் போட்டுப் போன போர்டு என்றால் ஒரு நல்ல செய்தி இருக்கலாம். மின்சாரம் எகிறும்போது தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காக்கும் டிவிஎஸ் டயோடு என்ற சின்னப் பாகம் அங்கே இருக்கும். அது மட்டும் ஷார்ட் ஆகி, மற்றதெல்லாம் பிழைத்திருப்பது உண்டு.

தனியே கழலும் போர்டாக இருந்தால், அதே மாடலின் வேறு போர்டைப் போடலாம். பூட்டு மாடல்களில்கூட, சிப் ஒன்றாக இருந்து பாஸ்வேர்ட் வைக்காமலிருந்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். டிஸ்க்கின் சொந்தப் போர்டையே மாற்றுவது வேறு கதை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலிருக்கும் ரோம் சிப்பில் உண்டு. அந்தச் சிப்பையும் இடம் மாற்றாமல் வேறு போர்டைத் திருகினால் டிஸ்க் ஓடாது. இது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

## வழி 5: டேட்டா ரெகவரி ஆய்வகம்

தட்டும் சத்தம், கீழே விழுந்து அடிபட்டது, தடம் பிய்ந்த போர்டு, வேறு நகலே இல்லாத டேட்டா. இவற்றில் ஏதாவது இருந்தால் இதுதான் வழி. சாட்டா முனை இல்லாத போர்டிலிருந்தும் கம்பி இழுத்து சாட்டாவாகப் படிக்க அவர்களுக்குத் தெரியும். டிஸ்க்குக்குள் தகட்டைப் படிக்கும் தலையை மாற்ற வேண்டிய வேலை என்றால் கட்டணம் ஐந்து இலக்கத்தில் நிற்கும். எதுவும் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், டிஸ்க்கைத் திறக்கும் முன் உங்களிடம் கேட்பார்களா, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் முன்பின் தெரியாதவர் பார்ப்பார் என்பதும் ஒரு விலைதான்.

வெறும் கேஸ் உடைந்ததற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் இங்கே வர வேண்டியவர், நான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வருவதுதான் கொடுமை. ஒவ்வொரு முயற்சியிலும் டிஸ்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிருக்கும். டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்த்தவர் என்றால் இன்னும் மோசம். தகட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தூசை விடச் சிறியது, உள்ளே தூசு விழுந்தால் இரண்டுக்கும் கேடு.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| புதுக் கேசிங் | 2.5 இன்ச்சுக்கு ஆயிரத்துக்குள் | சாட்டா டிஸ்க், எடுத்துப்போக வேண்டும் | தடிமன் பொருந்தாமை, பழைய கேசிங்கில் 2 டெராபைட் எல்லை |
| கேபிள், டாக் | கேபிள் மலிவு, டாக் கூடுதல் | ஒரு தடவை காப்பி, தடித்த டிஸ்க் | 3.5 இன்ச்சுக்குத் தனி அடாப்டர், பாதுகாப்பில்லாத டிஸ்க் |
| டெஸ்க்டாப்பில் நேராக | கிட்டத்தட்ட இல்லை | 3.5 இன்ச் டிஸ்க், வீட்டிலேயே இருக்கும் | 4096 பைட் குழப்பம், மூன்றாவது பின் |
| போர்டைச் சரிசெய்தல் | சில நூறு முதல் | சாட்டா முனை இல்லாதது, பூட்டு மாடல் | கைத்திறனைப் பொறுத்தது, தடம் பிய்ந்தால் பயனில்லை |
| ஆய்வகம் | ஆயிரங்கள் முதல் ஐந்து இலக்கம் | அடிபட்ட டிஸ்க், ஒரே நகல் | அந்தரங்கம், காத்திருப்பு |

வாரண்டி இன்னும் மிச்சமிருந்தால், கேஸைப் பிரித்த கணமே அது போய்விடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நகல் இருக்கிறது, வாரண்டியும் இருக்கிறது என்றால் பிரிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துப் புதுசு வாங்குங்கள். வாரண்டியில் டிஸ்க்தான் வரும், டேட்டா வராது.

## மீட்ட பிறகு

எந்த வழியானாலும், டிஸ்க் தெரிந்தவுடன் ஃபோல்டர்களைத் திறந்து படம் படமாகப் பார்க்க உட்காராதீர்கள். முக்கியமானதை முதலில் காப்பி எடுங்கள், அப்புறம் மிச்சம். முடிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய கட்டங்களின் கணக்கு; அவற்றின் மூல மதிப்பு (ரா வேல்யூ) பூஜ்யமாக இருந்தால் நல்லது. சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். தொடர்பில் வரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், கேபிளையும் முனையையும் பாருங்கள்.

ஸ்டுடியோ அண்ணனின் டிஸ்க்கை அன்றே பிரித்தோம். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து ஒவ்வொரு கொக்கியாக விடுவித்தோம். உள்ளே கழலும் போர்டு, 7 மில்லிமீட்டர் சாட்டா டிஸ்க். யூஎஸ்பி போர்ட்டின் உலோகக் கூடு ஒரு பக்கம் போர்டை விட்டு எழும்பி, நகம் நுழையும் அளவு இடைவெளி. அந்தப் போர்டைப் பிடுங்கிவிட்டு என் கேபிளில் மாட்டினோம். பூட்டு இல்லை, எல்லா ஃபோல்டரும் வந்தன. மதியம் இரண்டு மணிக்குக் காப்பி ஆரம்பித்து இரவு எட்டரைக்கு முடிந்தது. சி5 பூஜ்யம். மறுநாள் ஒரு கேசிங் வாங்கி மாட்டிக்கொண்டார். புது டிஸ்க் ஸ்டுடியோவில் இருக்கிறது. பழையதன் மேல் மருந்து பிளாஸ்திரி ஒட்டி, எந்த வருஷப் படங்கள் என்று பேனாவில் எழுதி, அக்கா வீட்டு பீரோவில் வைத்திருக்கிறார்.